சம்மதம் வாங்க மைக் வைத்தார்கள்

அருகன் துணை

திருவண்ணாமலை,
செங்கம் ரோடு,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி அஜிதனுக்கு உன் அக்காள் ஜினமதி எழுதுவது.

நீயும் உன் வீட்டுக்காரியும் வந்தவாசியில் இந்த மழைக் காலத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம். பொய் எழுதக்கூடாது என்று நம் அம்மா சொல்லி வளர்த்ததால் அந்த வரியை விட்டுவிட்டேன். நீயும் அதே அம்மாவிடம் வளர்ந்தவன்தான், உனக்குப் புரியும்.

என்னடா இவள் கடிதம் எழுதுகிறாளே, நம்மோடு பேச்சை விட்டவள் ஆயிற்றே என்று நினைப்பாய். என் மகன் தன்யகுமார் கல்யாணப் பந்தியில், இலையில் சோறு விழுந்த பிறகு, "அக்கா, சூரியன் இறங்கிடுச்சு, இனிமே நான் தொடமாட்டேன்" என்று சபைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்து போனவன் நீ. பொழுதோடு சாப்பிடுவது ஜைனர்களான நம் குல வழக்கம், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் உன் சம்பந்தி வீட்டு வளைகாப்பில் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டாவது டம்ளர் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவனும் நீதான். யாரும் என்னிடம் கோள் சொல்லவில்லை, தூணுக்குப் பின்னால் நின்று நானே பார்த்தேன். அன்றைக்கு உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னேன், இன்றுவரை பேசவில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள். நீ கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன், சட்டம் தெரிந்தவன். எனக்கு இப்போது ஒரு சட்டம் தெரிந்தவனும் வேண்டும், ஒரு தம்பியும் வேண்டும்.

விஷயம் யமுனா. தன்யகுமாரும் மருமகளும் தோஹாவுக்குப் போனதிலிருந்து பேத்தி என்னிடம்தான் இருந்து படிக்கிறாள், இப்போது பிளஸ் ஒன். அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். டி.சி. வாங்கிக் கொடு, எங்கேயாவது ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறேன், இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்கிறாள். அப்பனுக்கும் போனில் சொல்லிவிட்டாள். அவன் லீவு கிடைத்ததும் வந்து அழைத்துப் போய் வேறு இடத்தில் சேர்க்கிறேன் என்கிறான். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். கடிகாரம் வேறு சரியாக ஓடுவதில்லை.

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். டெல்லியில் புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்களாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளின் சொந்த விவரங்களை யாரும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, பெற்றவர்களின் சம்மதம் வாங்கவேண்டும், வெளியே விடக்கூடாது, தேவை முடிந்தால் அழித்துவிட வேண்டும் என்று. முழுக்க அமலுக்கு வர இன்னும் நாள் இருக்கிறதாம். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டெண்டுக்கு எதிலும் முதல் ஆளாக நிற்கவேண்டும். மாவட்டத்திலேயே முதலில் சட்டப்படி சம்மதம் வாங்கிய பள்ளி என்று வாசலில் பேனர் கட்டுவதற்கு அளவெடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வேலையை ஆரம்பித்தார். காமர்ஸ் வாத்தியார் இளஞ்செழியனைக் கூப்பிட்டு, நீதான் இனிமேல் தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே பஸ் டியூட்டி, என்.எஸ்.எஸ்., சத்துணவு மேற்பார்வை எல்லாம் உண்டு. அட்டைக்கு மேல் அட்டையாகத் தொங்கவிட்டுக்கொண்டு, வேண்டுதலுக்கு மணி கட்டிய ஆடு மாதிரி நிற்கிறான்.

சனிக்கிழமை காலையில் எல்லாப் பெற்றோரும், பெற்றோர் ஊரில் இல்லாத பிள்ளைகளுக்கு என்னைப் போன்ற கார்டியன்களும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போனேன். மைதானத்தில் ஷாமியானா, பெஞ்சு, வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கர். சட்டத்தில் என்ன போட்டிருக்கிறதாம் என்றால், என்னென்ன விவரம் வைத்திருக்கிறோம் என்பதைப் புரியும்படி சொல்லித்தான் சம்மதம் வாங்கவேண்டுமாம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதனால் கரஸ்பாண்டெண்ட் ஒரு யோசனை செய்திருக்கிறார்: ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் மைக்கில் தமிழில் படித்துக் காட்டுவது, சரி என்றால் கையெழுத்து வாங்கிக்கொள்வது. "மாணவர்களின் விவரங்கள் இனிமேல் மிக மிக ரகசியமாகப் பாதுகாக்கப்படும்" என்று இளஞ்செழியன் அந்தக் கூம்பில் அறிவித்தது எதிர் டீக்கடைக்குக் கேட்டது, டயர் கடைக்குக் கேட்டது, வெள்ளைக்காரர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ் மாடிக்கும் கேட்டது.

பிறகு படிக்க ஆரம்பித்தான். பெயர், பிறந்த தேதி, சாதி, ரத்த வகை, அப்பா படிப்பு, அம்மா போன் நம்பர், வீட்டு விலாசம், உடம்புக்கு என்ன. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த யாருக்கும், நான் உட்பட, இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை அஜிதா. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "தப்பு இருந்தா உடனே எழுந்து சொல்லிடுங்க, சட்டப்படி விவரம் சரியா இருக்கணும்" என்று வேறு சொன்னான். என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லலாமா? உனக்கே தெரியும், இந்த ஊரில் யார் வீட்டில் எது எப்போது நடந்தது என்று என்னிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். கோயில் குருக்கள் வீட்டுக் கனகாம்பாளின் பேரன் சோமேஷுக்கு முறை வந்தது. தகப்பனார் சுந்தரேஷ், பட்டதாரி என்று படித்தான். நான் எழுந்தேன்.

"சார், அது தப்பு. சுந்தரேஷ் டிகிரி முடிக்கல. கடைசி வருஷத்துல ஒரு பேப்பர் நின்னுபோச்சு, அதுக்கப்புறம் எழுதவே இல்ல."

"ஏன் ஜினமதி, உன்னை யாராவது கேட்டாளா?" என்றாள் கனகாம்பாள்.

"இவர்தானே கேட்டாரு, தப்பு இருந்தா சொல்லுங்கனு."

"எம்பிள்ளை ஒரு பேப்பர் எழுதாததுக்கு ஊரைக் கூட்டித் தண்டோரா போடணுமா?"

"ஊரை நான் எங்க கூட்டினேன்? வந்து பார்த்தேன், கூடியிருந்துச்சு."

டீக்கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் அன்று கொஞ்சம் ரசித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு மூன்று வீட்டு விவரங்களைத் திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யமுனா பெயர் வந்தது. மருத்துவக் குறிப்பு: எதுவும் இல்லை என்று படித்தான்.

இங்கேதான் நான் கவனமாக எழுதவேண்டும். அவளுக்கு உடம்பில் ஒரு விஷயம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லாதது, யாருக்கும் ஒட்டாதது, மாத்திரையில் அடங்குவது. இவ்வளவு எழுதலாம் என்று அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அது என்ன என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. ஏன் என்று பின்னால் வருகிறது. பள்ளிக்கூடத்தில் சொல்லவேண்டாம் என்று அவள் அம்மாவிடம் போனில் கெஞ்சி, பள்ளிக்கூடப் படிவத்தில் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று போட வைத்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், என் காதில் ஒரு தப்பு விழுந்தது. எழுந்தேன்.

"இல்லைன்னு யாரு சொன்னது? இருக்குதே!"

"பாட்டி, சரியாக் கேக்கலயே" என்று இளஞ்செழியன் மேடையிலிருந்து இறங்கி வந்து, மரியாதைக்குத்தான், மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தான். சொன்னேன். அதன் பெயரைச் சொன்னேன். மாத்திரை பெயரைச் சொன்னேன். எப்போது ஆரம்பித்தது, எப்படி வரும், வந்தால் முகம் எப்படிப் போகும், எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்று விடாமல், வேப்பமரத்து ஸ்பீக்கரில் சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் முதல் மாடி வராந்தாவில் அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். நடுவில் யமுனா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பொழுது இறங்குவதற்குள் சாப்பிட வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. அந்த நேரத்தைத் தவறவிட்டால் நம் வீட்டில் விடிந்தால்தான் சோறு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே தவறவிட்டாள். திங்கட்கிழமை யூனிபாரம் போட்டுக்கொண்டு கிளம்பியவள் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். என்னடி என்றால் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகுதான் தெரிந்தது. பூக்கடை அருகே கனகாம்பாள் பிடித்துக்கொண்டு, "யமுனாக் குட்டி, இப்போ தேவலையாடி? ராத்திரியில தனியாப் படுக்காதே" என்றாளாம். கனகாம்பாள் பழி தீர்த்திருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் நிஜமாகவே அக்கறையாகக் கேட்டிருக்கிறாள். டீக்கடைக்காரர் வேப்பங்கொழுந்து அரைத்துக் குடிக்கச் சொன்னாராம். கெஸ்ட் ஹவுஸ் மாடியில் இருக்கும் வெள்ளைக்கார அம்மாள் வழியில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் "ம்ம்ம்" என்று சொன்னால் சரியாகிவிடும் என்று செய்தே காட்டினாளாம், நடுத்தெருவில். வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண், ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை அஜிதா. எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அதைத்தான் அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய் இளஞ்செழியனைப் பிடித்தேன். பஸ் டியூட்டியில் நின்றிருந்தான்.

"ஏன் சார், ரகசியமா வெச்சிக்கறோம்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க? இப்ப என் பேத்தி வெளியே தலைகாட்ட முடியல."

"அம்மா, ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டுப் படிச்சுக் காட்டலாம்னுதான் நான் சொன்னேன். ஒரே நாள்ல முடிக்கணும்னாரு கரஸ்பாண்டெண்ட். தப்புதான். ஆனா ஒண்ணு, நாங்க படிச்சது 'எதுவும் இல்லை'னுதான். மத்தது நீங்க சொன்னது."

"மைக்கை யாரு புடிச்சது?"

"நான்தாம்மா புடிச்சேன்" என்றான் பாவம், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"சரி, அதை அழிச்சிடு."

"பேசினதை எப்படிம்மா அழிக்கறது?"

பேசியதை அழிக்க முடியாது, ஆனால் இன்னொன்று நடந்திருக்கிறது என்றான். நான் சொல்லச் சொல்ல ஆபீஸில் டைப் அடிக்கிற பாஞ்சாலை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாளாம், கார்டியன் வாய்மொழியாகத் திருத்தியது என்று. அதை அழிக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் பெற்றவர் சம்மதம் வேண்டும், அதற்கு அப்பாவின் போனுக்கு ஓ.டி.பி. போகும் என்றான். எந்த நம்பர் என்று கேட்டேன். பார்த்துச் சொன்னான். தன்யகுமார் தோஹா போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய நம்பர். புது நம்பரை மாற்று என்றால், மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகுமாம். வீட்டுச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டிச் சாவியை வீட்டுக்குள் வைத்த கதை. எனக்கு வந்த கோபத்தில் நேரே ஷேர் ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் போய்விட்டேன், கலெக்டரிடமே மனு கொடுத்துவிடுவது என்று.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிற தசரதன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்ன ரகசியம் வெளியே போனது என்று சொன்னால்தான் புகார் நிற்கும் என்றார். சொன்னேன். பெயர், வகுப்பு, விலாசம், அந்த விஷயம், எல்லாம் எழுதினார். எழுதி முடித்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, எதுக்குப் படிக்கறீங்க?"

"கையெழுத்து போடறவங்களுக்குப் படிச்சுக் காட்டாம வாங்கினா தப்பும்மா. நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

சுற்றி மனு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் பட்டா, முதியோர் பென்ஷன் என்று தங்கள் தங்கள் கவலையை விட்டுவிட்டு என் பேத்தியின் உடம்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் எங்கள் தெருப் பொன்னியும் இருந்தாள். மனுவைப் பிடுங்கிக் கிழித்தேன். ஆனால் நான் வீடு வந்து சேர்வதற்குள் பொன்னி வந்து, "உங்க பாட்டி கலெக்டராபீஸ்ல உனக்காகப் போராடறாங்க பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அப்போதுதான் யமுனா வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதை எழுதவும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

"பாட்டி, ஸ்கூல்ல என் விஷயத்தை ஒரு கம்ப்யூட்டர்லதான் வெச்சிருக்காங்க. நீ ஊர் பூரா வெச்சிருக்கே. அவங்களை அடக்கறதுக்காவது ஒரு சட்டம் வந்திருக்கு."

"நான் பொய் எதாவது சொன்னேனாடி?"

"பொய்னு யாரு சொன்னா? உண்மைதான். ஆனா அது என் உண்மை. உன்னுது இல்ல."

"உன் பாட்டிடி நான்."

"அதான் பாட்டி எனக்குப் பேஜாரே. வேற யாராவது சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிருப்பேன்."

எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அன்று ராத்திரி பூராவும் அதையே யோசித்தேன். பொய் சொன்னால் நம் அம்மா கரண்டிக் காம்பால் அடிப்பாள், நினைவிருக்கிறதா? அதனால் தெரிந்ததைச் சொல்வதுதான் தர்மம் என்று வளர்ந்துவிட்டேன். ஒரு உண்மைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார், அவரைக் கேட்காமல் எடுத்துப் புழங்கினால் அது திருட்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொய்யாமை ஒரு விரதம், கள்ளாமை ஒரு விரதம் என்று சின்ன வயதிலிருந்து கைவிரலை மடக்கி ஒப்பித்திருக்கிறோம். இரண்டு விரலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லையே. மௌன விரதமும் நமக்கு உண்டு. சதுர்தசிக்குச் சதுர்தசி இருந்திருக்கிறேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் யார் யார் எனக்கு என்னென்ன செய்தார்கள் என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்குத்தான் அந்த நேரம் எனக்குப் பயன்பட்டது.

மறுநாள் காலையில் அவளே வந்தாள். "பாட்டி, நம்ம வழக்கப்படி நீ பொறந்ததுல இருந்து தேன் தொட்டதில்ல. மருந்துல குழைச்சுக் கொடுத்தாக்கூட வேணாம்னு சொல்லுவே. அந்த மாதிரி என் விஷயத்தைத் தொடாம இருக்க முடியுமா உன்னால? நான் நல்ல மார்க் வாங்கினாலும் சரி, காய்ச்சல்ல படுத்தாலும் சரி, என்னைக் கேக்காம யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

நான் குளித்து, விளக்கேற்றி, பகவான் முன்னால் நின்று அந்த விரதத்தை எடுத்துக்கொண்டேன். நம்பினாளா என்று தெரியவில்லை. டி.சி. பேச்சை மட்டும் விடவில்லை.

விரதம் எடுத்த கையோடு அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதையாவது அழித்துவிடவேண்டும் என்று தன்யகுமாரின் பழைய நம்பருக்குப் போன் போட்டேன். நம்பர் எனக்கு மறக்குமா? மணி என்று ஒருவன் எடுத்தான். விஷயத்தைச் சொல்லாமல், ஓ.டி.பி. மட்டும் வேண்டும் தம்பி என்றேன். "போன்ல யாருக்கும் ஓ.டி.பி. சொல்லக்கூடாதுனு பேங்க்ல சொல்லியிருக்காங்கம்மா. கடைக்கு வாங்க, நீங்களே பாத்துக்கங்க" என்றான். என்ன கடை என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சொன்ன அடையாளத்துக்குப் போய் நின்றால் ஆட்டுக்கறிக் கடை. நம் வம்சத்தில் அந்த வாசலில் போய் நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறேன், வரிசையில் இருந்த ஒருவர், "பாட்டிக்கு முதல்ல கொடுத்து அனுப்புப்பா. ஈரலா பாட்டி? நெஞ்செலும்பா?" என்று கேட்கிறார். மணி எட்டிப் பார்த்தான். என் கழுத்தில் இருந்த அருகன் டாலரையோ, முகம் போன போக்கையோ பார்த்துப் புரிந்துகொண்டானோ என்னவோ, தொங்கிக்கொண்டிருந்தவற்றின் மேல் ஒரு துணியை இழுத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தான்.

"யமுனா பாப்பா பாட்டியா நீங்க? பாப்பா ஏன் ஸ்கூலுக்குப் போகல? 'உங்கள் குழந்தை இன்று வரவில்லை'னு எனக்கு மெசேஜ் வந்துனே இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நம்பர் அவனிடம் வந்த நாள்முதல் அவளுடைய மார்க், லீவு, எல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கிறது. தப்பு நம்பர் என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தும் பார்த்தானாம், யாரும் மாற்றவில்லை. "கணக்குல பாப்பா சூப்பரும்மா. இங்கிலீஷ்தான் கொஞ்சம் கம்மி" என்றான். நான் மெதுவாக, சனிக்கிழமை ஏதாவது வந்ததா என்றேன்.

"வந்துச்சும்மா. உடம்பைப் பத்தி. அழிச்சிட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னியாப்பா?"

"நான் எதுக்கும்மா சொல்றேன்? பொம்பளப் புள்ள விஷயம்" என்றான், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அங்கிருந்தே இளஞ்செழியனைப் போனில் கூப்பிட்டு, மணி போனில் நம்பர் வந்ததும் சொல்லி, பழைய நம்பரை மாற்றி, அந்த விஷயத்தை அழித்து, அழித்தாயிற்று என்று தன்யகுமாருக்குத் தோஹாவில் மெசேஜ் போகிறவரை ரோட்டிலேயே நின்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மணி மேல் கோபப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். உனக்குத் தெரியும், தேடினால் எனக்குக் கிடைக்காமல் இருக்காது. கிடைக்கவில்லை.

யமுனாவிடம், "அழிச்சாச்சுடி, கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்ல" என்றேன். "சரி பாட்டி" என்று மட்டும் சொன்னாள். பள்ளிக்கூடம் மறந்துவிட்டது, அது ஒரு பட்டனை அமுக்கினால் மறக்கும். என்னிடம் அப்படி ஒரு பட்டன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இதில்தான் எனக்கு உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்கவேண்டும். தேவை முடிந்த விவரத்தை வைத்திருக்கக் கூடாது என்கிறது சட்டம். சுந்தரேஷ் எழுதாத பேப்பர் எனக்கு எதற்குத் தேவை? நேற்று முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். ஒரு தேவையும் இல்லை. கனகாம்பாள் என்றைக்காவது நிமிர்ந்து பேசினால் குனிய வைப்பதற்கு வைத்திருந்தேன், அவ்வளவுதான். இதுபோல என்னிடம் எத்தனை வீட்டு விஷயம் இருக்கிறது தெரியுமா? மறக்கவும் முடியவில்லை, இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று விடவும் பழகவில்லை. கோர்ட்டில் பழைய கட்டுகளை என்ன செய்வீர்கள்? எரிப்பீர்களா, பூட்டி வைப்பீர்களா?

அதனால் நீ செய்யவேண்டியது இது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடு, இனி எந்தப் பிள்ளையின் விவரத்தையும் மைக்கில் படிக்கக்கூடாது என்று. அதைவிட முக்கியம், நீயே ஒருமுறை கிளம்பி வந்து யமுனாவிடம் பேசு. நான் சொன்னால் எடுபடாது. டி.சி. வேண்டாம், பாட்டி விரதத்தைக் காப்பாற்றுவாள் என்று நீ சொல். நீ கேட்டாலும் அவளுக்கு என்ன என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். தம்பி ஆயிற்றே, ரத்த சம்பந்தம் ஆயிற்றே என்றாலும் சொல்லமாட்டேன். அதற்காக வருத்தப்படாதே.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள். எல்லா உயிரும் துன்பமில்லாமல் இருக்கட்டும், அதில் நீயும் ஒன்று.

இப்படிக்கு,
உன் அக்காள்
ஜினமதி

பி.கு. நீ வரவேண்டாம். நோட்டீசும் வேண்டாம்.

கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னால் யமுனாவிடம் படிக்கக் கொடுத்தேன், அவள் விஷயம் ஆயிற்றே. உட்கார்ந்து கடைசிவரை படித்தாள். படித்துவிட்டுச் சிரிக்கிறாள், அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல்தடவை. "பாட்டி, வந்தவாசித் தாத்தாவுக்கு எல்லாம் தெரியும். போன மே லீவுல அவங்க வீட்டுலதான் எனக்கு முதல்ல வந்துச்சு. அவர்தான் காஞ்சிபுரம் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினாரு" என்கிறாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு இங்கே வந்ததைத்தான் முதல் தடவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்ததே கோபம்! "அப்புறம் ஏண்டி அவனுக்கு எழுதக்கூடாதுனு சொன்னே?" என்றேன். "நீ எழுதறியா இல்லயானு பாக்கணும் இல்ல" என்கிறாள். என்னைப் பரீட்சை வைத்திருக்கிறாள், அஜிதா! ஆக நான் இத்தனை பக்கம் பேனாவைப் பிடித்து இழுத்து இழுத்து மறைத்தது அத்தனையும், இந்த ஊரில் யாருக்கும் தெரிவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு கமுக்கமாக உட்கார்ந்திருக்கும் உனக்கு. ஏன் தாத்தாவிடம் மட்டும் என்று கேட்டேன். "அவர்கிட்ட சொன்னா அங்கயே நின்னுடும் பாட்டி" என்றாள்.

கடிதத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். அவள்தான் அனுப்பு என்றாள். இன்று காலை யூனிபாரத்தைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, நான் கேட்காமலே, அவளாக ஒரு விஷயம் என்னிடம் சொன்னாள். உடம்பு விஷயம் இல்லை, வேறு. என்ன என்று கேட்காதே. இது வந்தவாசித் தாத்தாவுக்குத் தெரியுமா என்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

தெரியாதாம்.